எந்தக் கொட்டாய்?

செராமிக் பேட்டை மருந்தகத்தின் நோட்டில் ஒன்பது விருத்தாம்பாள்கள் இருந்தார்கள். அவர்களில் மூன்று பேருக்கு வீட்டுக்காரன் பெயர் கருப்பன். அந்த மூன்று கருப்பன்களில் இரண்டு பேர் ஒரே தெருக்காரர்கள். இதை முதன்முதலில் கண்டுபிடித்துச் சொன்னவள் வாசுகி.

அதுவும் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. வயிற்றுவலிக்கு வந்த ஒரு விருத்தாம்பாளுக்கு, ரத்தம் குறைந்துபோன இன்னொரு விருத்தாம்பாளின் இரும்புச்சத்து மாத்திரை ஒரு மாதமாகப் போயிருந்தது. "வெளிக்குப் போனா கறுப்பாப் போவுதும்மா, எங்கொடலே கருவிப்போச்சா?" என்று அந்த அம்மாள் வந்து அழுதபோதுதான் வாசுகி நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். புரட்டப் புரட்ட விருத்தாம்பாள்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாருடைய வலி யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

டாக்டர் ஜெயராஜ் முதலில் சிரித்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். மெட்ராசிலிருந்து வந்தவர். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பேட்டைக்குள் வருவார். பீங்கான் பட்டறை முதலாளிகள் சேர்ந்து, சாக்கு அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய அறையை மருந்தகத்துக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள்.

"தப்பு உம்மேல இல்ல வாசுகி. நோட்டுல நாம நாள் வரிசையா எழுதறோம். ஆள் வரிசையா எழுதல. ஒரு ஆளோட ஒடம்பு பத்து பக்கத்துல செதறிக் கெடக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அட்டை போடணும். அவங்க வர்றப்பல்லாம் அதே அட்டையில எழுதணும்."

எழுபத்து மூன்றாம் வருசம் ஆனி மாதம் அது. காற்று அடித்தால் பேட்டையே வெள்ளையாக எழுந்து நிற்கும். களிமண் தூள், கல் தூள், சூளைச் சாம்பல் எல்லாம் கலந்து மருந்தகத்து மேசையில் வந்து உட்காரும். வாசுகி மணிக்கு ஒருதரம் துடைப்பாள். துணியை உதறினால் மாவு சலித்த மாதிரி கொட்டும்.

வாசுகி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். ஆனாலும் ஆறு வருசம் பீங்கான் பட்டறையில் பிசிறு சீவினாள். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பண்டத்தின் ஓரத்தைக் கத்தியால் வழித்து, ஈரப் பஞ்சால் தடவிவிடுகிற வேலை. எழுத்து அழகாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, டாக்டர் கூப்பிட்டு நோட்டைக் கையில் கொடுத்தார். அவள் வீட்டுக்காரன் தங்கதுரை அரவைக் கொட்டாயில் இருந்தான். பீங்கானுக்குச் சேர்க்கிற வெங்கச்சாங்கல்லைப் பாறையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை உடைத்து, இயந்திரத்தில் போட்டு, விபூதி மாதிரி ஆக்குகிற கொட்டாய் அது. சாயங்காலம் அங்கிருந்து வெளியே வருகிறவர்களுக்கு இமைகூட நரைத்திருக்கும்.

தங்கதுரைக்குப் போன மார்கழியில் இருமல் கண்டது. கடலூருக்குப் போய் நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டு வந்தான். படத்தில் நிழல் இருந்தது. டிபி என்று ஜெயராஜ்தான் எழுதினார். தொண்ணூறு ஊசி. பிறகு மாத்திரை. தினம் ஒரு முட்டை.

அந்தச் சொல் வீட்டுக்குள் வந்த மறுவாரமே திட்டக்குடிக்கு அந்தப் பக்கத்து மங்களூரிலிருந்து அவனுடைய அக்கா பாஞ்சாலை வந்துவிட்டாள். வந்தவள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. தம்பி மகள், நாலு வயது அம்புவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னெ திட்டாத தம்பி. ஒனக்குக் கொணமாவட்டும். நானே கொண்டாந்து வுடுறேன். புள்ளக்கி ஒட்டிக்கிச்சின்னா யாரு பதில் சொல்றது?"

தங்கதுரை பஸ் நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே போனான். சாலைக்கு அந்தாண்டயே நின்றுகொண்டான். அம்பு, "அப்பா, வா" என்று கையை நீட்டியபோது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். அன்றிலிருந்து தன் தட்டைத் தானே கழுவினான். படுக்கையைக் கொல்லைப் பக்கத்துச் சாய்ப்புக்கு மாற்றிக்கொண்டான். வாசுகி எவ்வளவோ சொன்னாள். கேட்கவில்லை.

அட்டை தயாராக ஒரு மாதம் ஆனது. ஜெயராஜ் எங்கோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த முறை அது. ஒரு சாண் அகல அட்டை. நாலு ஓரத்திலும் வரிசையாகச் சின்ன ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சங்கதி. இருமல் இருக்கிறவன் என்றால் இருமல் ஓட்டையை ஓரம் வரைக்கும் வெட்டித் திறந்துவிட வேண்டும். இல்லாதவனுக்கு ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். எல்லா அட்டையையும் கட்டாகச் சேர்த்துப் பிடித்து, இருமல் ஓட்டையில் ஒரு கம்பியை நுழைத்துத் தூக்கி உலுக்கினால், வெட்டின அட்டைகள் மட்டும் பிடிமானமில்லாமல் கீழே விழும். ஒரு உலுக்கில் இருமல்காரர்கள் எல்லாரும் மேசைமேல்.

"வலை போடற மாதிரி இருக்குதுங்க சார்" என்றாள் வாசுகி.

கடைவீதி அச்சாபீசில் அட்டை அடித்தார்கள். பைண்டிங் செய்கிறவர் ஓட்டை போட்டுக் கொடுத்தார். கம்பிக்குச் சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பி போதுமென்றாகிவிட்டது. வெட்டுகிறதற்குத்தான் கருவி கிடைக்கவில்லை. ஜங்சனில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், டிக்கெட்டில் கடி வைக்கிற தன் பழைய இடுக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அச்சுக்குப் போகும் முன் டாக்டர் ஒரு தாளில் பென்சிலால் வரைந்து காட்டினார். "மேல் பக்கம் வயசு, ஆணா பெண்ணா. வலது பக்கம் நோய். கீழ வைத்தியம். இடது பக்கம் அவங்க யாருங்கறது. மதத்துக்கு நாலு ஓட்டை. தொழிலுக்கு நாலு. விவசாயம், வியாபாரம், உத்தியோகம், கூலி."

வாசுகி அந்தத் தாளைப் பார்த்துப் பத்துப் பேருக்கு மாதிரி எழுதிப் பார்த்தாள். எழுதி முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னம்மா?"

"பத்துப் பேருக்கும் கூலின்னே வருதுங்க சார்."

"எல்லாரும் கூலிதானே."

"நானும் கூலிதான் சார். எங்க வூட்டுக்காரரும் கூலிதான். நான் ஈர மண்ண சீவிக்கிட்டு ஒக்காந்திருந்தவ. அவரு காஞ்ச கல்லுத் தூளுக்குள்ளார நிக்கிறவரு. சூள ஆளு நெருப்புல நிக்கிறாரு. மூணு பேரும் ஒரே ஓட்டயில வுழுந்தா, நோட்டுல ஒம்போது விருத்தாம்பாளு வுழுந்த மாதிரிதான சார் இருக்கும்?"

ஜெயராஜ் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு வருசமாகப் பேட்டைக்கு வருகிறார். ஒரு பட்டறைக்குள்ளேயும் அவர் நுழைந்ததில்லை.

"மொத்தம் எத்தனை கொட்டாய் இருக்கு?"

விரல் விட்டு எண்ணினாள். "கல்லு அரைக்கிறது, மண்ணு கரைக்கிறது, அச்சு ஊத்துறது, பிசிறு, மேல்பூச்சு, சூள, பொட்டி கட்டுறது. ஏழு."

"ஓட்டை பத்தாதே."

"மதத்துக்கு நாலு போட்டிருக்கீங்களே சார். இருமலுக்கு மதம் எதுக்கு?"

"புத்தகத்துல அப்படி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவரே ரப்பரை எடுத்து அழித்தார். தொழிலையும் அழித்தார். எட்டு ஓட்டை மிஞ்சியது. ஏழு கொட்டாய்க்கு ஏழு. பேட்டையில் வேலை செய்யாத வெளியாளுக்கு ஒன்று. மேலே தலைப்பாக என்ன போடலாம் என்று யோசித்தார். வாசுகியைக் கேட்டார். ஆட்களைக் கேட்கிற மாதிரியே அவள் சொன்னாள். "எந்தக் கொட்டாய்?"

அட்டை அப்படியே அச்சாகி வந்தது.

கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. பெயர், வயது, நோவு என்ன என்றெல்லாம் கேட்கிற வரைக்கும் பதில் சொல்கிறவர்கள், எந்தக் கொட்டாய் என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். சூளையில் இருந்த சாமிக்கண்ணு எழுந்தே நின்றுவிட்டார்.

"அதெ எதுக்கும்மா கேக்குற? நோவு ஒடம்புலதான இருக்குது, கொட்டாயிலயா இருக்குது?"

"சும்மா எழுதிக்கத்தான் பெரியப்பா."

"சும்மாவா இம்மாம் பெரிய அட்டய அடிச்சிருக்காங்க? நோவுக்காரன் பேரயெல்லாம் எடுத்து ஆளக் கழிச்சிவுடப் போறாங்களாம். ஊரே பேசுது."

அந்தப் பேச்சு எங்கே கிளம்பியது என்று தெரியவில்லை. இருமுகிறவர்கள் மருந்தகத்து வாசலில் இருமலை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சிலர் பொய்க் கொட்டாய் சொன்னார்கள். இமை நரைத்த ஒருவன், "பொட்டி கட்டுறன்" என்றான். வாசுகிக்கு எழுதுவதா வேண்டாமா என்று குழம்பியது. அவன் சொன்னதை எழுதினால் அட்டை பொய். எழுதாவிட்டால் இவள் பொய். பென்சிலால் லேசாக எழுதிவிட்டு வெட்டாமல் வைத்தாள். அவனே பத்து நாள் கழித்து வந்து, "மாத்திக்கம்மா, நான் அரவதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அரவைக் கொட்டாய் மேஸ்திரி பாலகிருஷ்ணன் ஒருநாள் நேரிலேயே வந்தார். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"வாசுகி, நீ எனக்குத் தங்கச்சி மாதிரி. ஒம் புருசன் எங்கிட்டதான் வேல செய்றான். நீ எழுதுற அட்டயில எங் கொட்டாயி பேரு நெறைய வருதாம?"

"எல்லாக் கொட்டாயும்தான் வருது அண்ணே."

"நாளக்கி மொதலாளி கேட்டா நான் என்னா சொல்றது? ஆளுவோ பயப்படுறானுவோ. கல்லு ஒடையிற எடத்துல தூசி வராம என்னா வரும்? எங்கப்பாரு காலத்துலேருந்து..." என்று தொடங்கியவருக்கு இருமல் வந்துவிட்டது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார். வாசுகி தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே போய்விட்டார்.

கடைசியாகத்தான் தங்கதுரையின் அட்டையை எழுதினாள். சம்பாக் கதிர் மாதிரி மெலிந்துபோயிருந்தான். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் என்றால் முன்பெல்லாம் இரண்டாம் உருண்டை கேட்கிறவன், இப்போது ஒன்றையே பாதியில் விட்டான்.

"எம் பேரு வாண்டாம். மேஸ்திரிகிட்ட சளின்னுதான் சொல்லிவச்சிருக்கேன்."

"மேஸ்திரியே இருமுறாருங்க."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. ஊர் பூரா அட்ட எழுதிட்டு ஒங்களுக்கு எழுதாம வுட்டா, நாளக்கி டாக்டரு எதத் தேடுனாலும் நீங்க கெடைக்க மாட்டீங்க."

அவன் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தான். "எழுதிக்க" என்றான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மணிமுத்தாற்றில் தண்ணீர் கலங்கலாகப் போனது. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மருந்தகத்துக்கு ஆளே வரவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு அட்டை ஆகியிருந்தது. "சரி, உன் வலையைப் போட்டுப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

ஆறு மாதத்துக்கு மேல் டிபி மருந்து சாப்பிடுகிறவர்கள் ஓட்டையில் கம்பியை நுழைத்து உலுக்கினார். முப்பத்தொன்று விழுந்தது. அந்த முப்பத்தொன்றை அடுக்கி, எடை கூடாதவர்கள் ஓட்டையில் நுழைத்தார். இருபத்திரண்டு விழுந்தது. அதை அடுக்கி, சளியில் கிருமி காணாதவர்கள் ஓட்டை. பத்தொன்பது. டாக்டர் அந்தப் பத்தொன்பதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். மருந்து சாப்பிடுகிறார்கள், தேறவில்லை, கிருமியும் இல்லை. வயதுப்படி உலுக்கிப் பார்த்தார். நாலாபுறமும் சிதறியது. ஒன்றும் புரியவில்லை.

"கொட்டாயப் பாருங்க சார்" என்றாள் வாசுகி.

இடது ஓரத்தில் முதல் ஓட்டை, அரவை. கம்பியை நுழைத்துத் தூக்கினார். உலுக்கவே வேண்டியிருக்கவில்லை. கட்டு மொத்தமாகக் கழன்று மேசையில் விழுந்தது. கம்பியில் இரண்டே இரண்டு அட்டைதான் தொங்கியது.

விழுந்த பதினேழில் மேலாக இருந்தது தங்கதுரையின் அட்டை. தன் எழுத்துதான் என்றாலும் வேறு யாரோ எழுதியது மாதிரி வாசுகி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெயராஜ் பதினேழையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் எழுதினேன்" என்றார் கடைசியில். "படத்துல நிழல் இருந்துச்சு, இருமல் இருந்துச்சு. டிபின்னு எழுதினேன். பதினேழு பேருக்கும் தனித்தனியா எழுதினேன். தனித்தனியா பார்த்தா அப்படித்தான் தெரிஞ்சுது."

"அப்ப இது டிபி இல்லீங்களா சார்?"

"தெரியல. கல் தூசி நெஞ்சுல படிஞ்சாலும் இப்படி நிழல் விழும். அதுவா இருக்கலாம். ரெண்டுமாவும் இருக்கலாம்."

"எது சார்?"

"தெரியலம்மா."

கார்த்திகையில் பதினேழு பேருக்கும் மறுபடியும் படம் எடுத்தார்கள், சளியையும் மூன்று தடவை சோதித்தார்கள். ஜெயராஜ் படங்களைப் புதுச்சேரியில் ஒரு மூத்த டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். கல் தூசி என்பது நிச்சயம், டிபியும் சேர்ந்திருந்ததா என்று இனி சொல்ல முடியாது, தொடங்கின மருந்தை முடித்துவிடுவது நல்லது என்று அவர் சொல்லி அனுப்பினார். அரவைக் கொட்டாய் முதலாளிக்கும் ஜெயராஜ் ஒரு கடிதம் எழுதினார். கல்லை நனைத்து அரைக்க வேண்டும், ஆட்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று. அட்டை கீழே விழுந்ததெல்லாம் ஒரு சாட்சியா என்று முதலாளி கேட்டாராம். ஆனாலும் தண்ணீர்க் குழாய் ஒன்று போட்டுக் கொடுத்தார். பத்து நாள் நனைத்தார்கள். நனைந்த கல் இயந்திரத்தில் ஒட்டுகிறது, வேலை ஓடவில்லை என்று பதினோராம் நாள் விட்டுவிட்டார்கள்.

தங்கதுரையிடம் சொல்வதற்கு வாசுகி இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் கொல்லையில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் நகர்ந்து உட்கார்ந்தான்.

"நவுராதீங்க. ஒட்டாது."

"என்னா ஒட்டாது?"

"ஒங்க நோவு. மூணு தடவ பாத்தும் சளியில கிருமி இல்ல. கல்லுத் தூசிதான் நெஞ்சுல ஒக்காந்திருக்குதாம். டாக்டரு சொல்லிட்டாரு."

அவன் கையிலிருந்த மல்லாட்டையை உடைக்காமல் வைத்திருந்தான். "அப்ப டிபி இல்ல?"

"இருந்திருந்தாலும் இருந்திருக்கலாமாம். இப்ப ஒட்டாது."

"இதென்னாடி பேச்சு? இருக்குதுன்னு சொல்றியா, இல்லன்னு சொல்றியா?"

"எனக்கே வெளங்கலீங்க."

"இது கொணமாவுமா?"

வாசுகி தலையைக் குனிந்துகொண்டாள். "உள்ள போனது வெளிய வராதாம். கொட்டாய வுட்டுட்டா, மேல மேல ஏறாம இருக்குமாம்."

தங்கதுரைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான். "ஒண்ற வருசம் மாத்திர தின்னா தீந்துடும்னு நாள எண்ணிக்கிட்டிருந்தேன் வாசுகி. தீர்ற நோவு இல்லங்கிற. தீராத நோவு இருக்குதுங்கிற. ஆனா புள்ளயத் தொடலாங்கிற. நான் என்னாத்தத்தான் நெனச்சிக்கிறது?"

அவனால் உட்கார முடியவில்லை. எழுந்து, பத்தடி தள்ளி முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஒரு வருசம்" என்றான். "எம் புள்ளய ஒரு வருசம் நான் தொடல."

மார்கழியில் வாசுகி மங்களூருக்குப் போனாள். திட்டக்குடி வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. பாஞ்சாலை களத்தில் மல்லாட்டைக் கொடியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அம்பு வளர்ந்திருந்தாள். வாசுகியைப் பார்த்ததும் ஓடிவந்தாள். பாதி வழியில் வெட்கம் வந்து பாஞ்சாலையின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

வரகுச் சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும் போட்டாள் பாஞ்சாலை. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து வாசுகி எல்லாவற்றையும் சொன்னாள். அட்டையைச் சொன்னாள், கம்பியைச் சொன்னாள், பதினேழு விழுந்ததைச் சொன்னாள்.

"நீ படிச்சவ. நீ சொல்றது எனக்கு எட்டல" என்றாள் பாஞ்சாலை. "போன வருசம் இதே டாக்டருதான டிபின்னாரு?"

"ஆமாம் அண்ணி."

"இந்த வருசம் இல்லங்கிறாரு. வர்ற வருசம் என்னா சொல்லுவாரு? பொட்டப் புள்ள. நாளக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா, அட்ட வந்து தூக்கிக் கொடுக்குமா?"

"நான் பெத்த புள்ள அண்ணி."

"இல்லன்னா சொன்னேன்? நான் வளக்கலன்னு நீ சொல்லுவியா?"

இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடித்த பிறகும் பாஞ்சாலை விடவில்லை. "வெள்ளிக்கெழம நான் வர்றேன். அந்த டாக்டர நான் ஒரு வார்த்த கேக்கணும்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். அம்புவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். தங்கதுரையையும் இழுத்துக்கொண்டு மருந்தகத்துக்குள் நுழைந்தாள். வெளியே ஒரே கூட்டம். தங்கதுரை கொட்டாயில் மற்ற பதினாறு பேரிடமும் சொல்லியிருந்தான். அவர்கள் பெண்டாட்டிகளோடு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்டு தனியாக இருந்தது என்பது வாசுகிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மருந்தை நிறுத்தலாமா, வீட்டுக்குள் படுக்கலாமா, இத்தனை ஊசியும் எதற்குப் போட்டீர்கள், பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போகலாமா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். ஒருத்தருக்குச் சொன்ன பதில் இன்னொருத்தருக்குப் பொருந்தவில்லை. கூட்டத்தின் கடைசியில் மேஸ்திரி பாலகிருஷ்ணனும் நின்றார். "எனக்கும் ஒரு அட்ட போடும்மா. அரவன்னே எழுது" என்றார்.

பாஞ்சாலை டாக்டருக்கு எதிரே போய் நின்றாள்.

"ஐயா, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இவன் புள்ள ஒங்க புள்ளயா இருந்தா, இவன் மடியில ஒக்கார வப்பீங்களா?"

ஜெயராஜ் தங்கதுரையின் அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

"போன வருசம் நான் தப்பாச் சொல்லியிருக்கலாம்மா. அதனால இப்ப யோசிச்சுச் சொல்றேன். ஒட்டற நோய்ன்னா கிருமி தெரியணும். மூணு தடவையும் தெரியல. உக்கார வைப்பேன்."

"இவன் அந்தக் கொட்டாயிலியே இருந்தா?"

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. இவர் இருக்க மாட்டார். எத்தனை வருசம்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

பாஞ்சாலை தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் துண்டை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அப்ப புள்ள இங்க வர வாண்டாம்" என்றாள். "இவன் அங்க வரட்டும். காடு இருக்குது. காவ காக்கட்டும், மாடு கட்டட்டும். முடிஞ்சதச் செய்யட்டும். தூசி திங்கிறதுக்கு வேலையின்னு பேரா?"

இதை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. தங்கதுரை வாசுகியைப் பார்த்தான். வாசுகி மேசையைப் பார்த்தாள். மேசைமேல் அட்டைகள் இருந்தன. வெளியே பதினாறு வீட்டு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நீயும் வந்துடு புள்ள" என்றாள் பாஞ்சாலை.

வாசுகி கையருகில் இருந்த அட்டையை எடுத்தாள். அட்டையில் எது எந்த ஓட்டை என்று அவளையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறவர். பொய்க் கொட்டாய் சொன்னவன் மறுபடி வந்து மெய்யைச் சொன்னது அவளிடம்தான்.

"யாருக்காச்சும் சொல்லிக் கொடுத்துட்டு வாம்மா" என்றார் ஜெயராஜ், மெதுவாக. "போகாதேன்னு நான் சொல்ல முடியாது."

"சனிக்கெழம சனிக்கெழம வர்றேன் அண்ணி" என்று அவள் குரல் சொன்னதை அவளே கேட்டாள். பிள்ளையை மீட்கப் போனவள், புருசனையும் அனுப்பிவிட்டு நிற்கிறாள். சரியா தப்பா என்று அப்போதும் தெரியவில்லை, பிறகு எத்தனையோ நாள் யோசித்தும் தெரியவில்லை.

பொங்கலுக்கு முன்பே தங்கதுரை அக்கா வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை, வாசுகி சாயங்கால பஸ்ஸில் மங்களூரில் இறங்கினாள். ரோட்டோரத்தில் இரண்டு பேரும் வந்து நின்றிருந்தார்கள். தங்கதுரையின் முகத்தில் தூள் இல்லாததால் ஆளே கறுத்துத் தெரிந்தான். அம்பு அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டியா?" என்றான்.

"திட்டக்குடியில டீ குடிச்சேன்."

காட்டுவழியில் வரகு அறுத்த தாள் காய்ந்து கிடந்தது. மூன்று பேரும் நடந்தார்கள். வாசுகி ஒரு வாரத்துச் சேதியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். பிசிறுக் கொட்டாய் ராஜம்மாள் மகளுக்கு அட்டை வெட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், கெட்டிக்காரப் பெண், இரண்டு மாதத்தில் பிடித்துக்கொள்வாள் என்று சொன்னாள். பாலகிருஷ்ணன் அண்ணனுக்கும் படம் எடுத்தாயிற்று, நிழல் இருக்கிறது என்று சொன்னாள். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

ஏழெட்டு அடி பின்னால் தங்கதுரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அம்புவும் அதே மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்கேயும் போக அவசரமில்லாதவளாக நின்றிருந்தாள்.

"அப்பா நிக்கிற எடம்மா இது" என்றாள் அம்பு. "ஒனக்குத் தெரியாதா?"

வாசுகி திரும்பி நடந்து அவர்களிடம் வந்தாள். வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, தானும் நின்றாள்.